அழியாத சக்திக்கு ஏன் தட்டுப்பாடு?

2022 மார்ச் மாதக் கடைசி. நாட்டில் டொலர் இல்லை. அதனால் எண்ணெய் இல்லை. அதனால் கறண்டும் இல்லை. மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை போயிருந்தது. நோன்பு பிறக்க இன்னும் சில நாட்கள்தான். சாய்ந்தமருதிலுள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு குப்பி விளக்கை வைத்துக்கொண்டு என் பேத்தி விஞ்ஞானப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். தள்ளிப்போய்த் தள்ளிப்போய்க் கிடந்த சாதாரண தரப் பரீட்சை மே மாதம் என்று சொல்லியிருந்தார்கள். சத்தமாக வாசித்தால்தான் அவளுக்கு மனதில் நிற்கும். "சக்தியை ஆக்கவோ அழிக்கவோ முடியாது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்ற மட்டுமே முடியும்" என்று இரண்டு மூன்று தரம் சொன்னாள். பிறகு புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அழியாத சாமானுக்கு எப்பிடி மூத்தாப்பா தட்டுப்பாடு வாற?"

முப்பது வருடத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். அந்த வசனத்தைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லை. அல்லது கேட்கிறமாதிரி நான் படிப்பிக்கவில்லை.

அன்றிரவு அந்தக் கேள்வி என்னைக் கூடுதலாகவே தைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. உள்ளறையில் என் மனைவிக்கு முட்டு வருத்தம் கூடியிருந்தது. காஸ் சிலிண்டர் கிடைக்காமல் மூன்று கிழமையாக விறகடுப்பில் சமையல். புகை நெஞ்சில் இறங்கிவிட்டது. மருந்து இருக்கிறது, நெபுலைசர் இருக்கிறது, அதைச் சுழற்றக் கறண்ட் இல்லை. அந்தச் சின்ன இயந்திரம் ஒரு தரம் வேலை செய்யப் பத்து நிமிடம் போதும். 120 வாற்று என்று வைத்துக்கொண்டால் ஒரு யூனிற்றில் ஐம்பதில் ஒரு பங்கு. பில்லில் ஒரு ரூபாய்கூட ஏறியிருக்காது.

அதே நேரம் அந்த வீட்டுக்குள் எவ்வளவு சக்தி இருந்தது தெரியுமா? குசினி மூலையில் 25 கிலோ அரிசி மூட்டை ஒன்று. ஒரு கிலோ அரிசியில் ஏறத்தாழ 15 மெகாயூல் இரசாயன சக்தி இருக்கிறது. மூட்டை முழுதும் கணக்குப் பார்த்தால் நூறு யூனிற் மின்சாரத்துக்குச் சமன். எங்கள் வீட்டுக்கு ஒரு மாதத்துக்குக் கிட்டக் காணும். அறைக் காற்றிலும் சுவரிலும் பகலில் ஏறிய வெப்பம் இன்னும் இறங்கவில்லை. வீட்டுக்கு முன்னால் சிறிது தூரத்தில் வங்காள விரிகுடாவே கிடக்கிறது. இத்தனை சக்திக்கு நடுவில் ஒரு மனுஷி மூச்சுக்கு முட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு நானாவிடம் ஓடினேன். அவர் தன்னுடைய வேன் பற்றரியையும் ஒரு சின்ன இன்வேட்டரையும் தூக்கிக்கொண்டு வந்தார். பற்றரியின் இரசாயன சக்தி மின்சக்தியானது. மின்சக்தி மோட்டரில் இயக்க சக்தியானது. அது காற்றை அமுக்கி மருந்தைப் பனியாக்கியது. பாடப்புத்தகத்துச் சக்தி மாற்ற அம்புக்குறிப் படம் ஒன்றை என் வாழ்நாளில் முதல் தரம் நடுங்கிக்கொண்டு பார்த்தேன்.

அவள் தூங்கிய பிறகு பேத்திக்கு மறுமொழி சொல்லத் தொடங்கினேன். அன்றிரவு சொன்னதையும், பிறகு யோசித்துச் சேர்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் புத்தகங்கள் 'ஆற்றல்' என்பதை நாம் 'சக்தி' என்கிறோம். அது பரவாயில்லை. ஆனால் உயரத்தில் இருக்கும் பொருளின் சக்திக்கு நமது புத்தகங்கள் வைத்த 'அழுத்த சக்தி' என்ற பெயர் பிள்ளைகளைப் போட்டுக் குழப்புகிறது. யாரோ எதையோ அழுத்துவதாக நினைத்து, அமுக்கம் என்ற பாடத்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். தென்னையில் தொங்கும் தேங்காய் ஒன்றையும் அழுத்தவில்லை. அது விழுந்தால் ஒரு வேலை நடக்கும், அவ்வளவுதான். 'நிலைச் சக்தி' என்று சொன்னால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் அபிப்பிராயம்.

சக்தி என்பது ஒரு பொருளல்ல. குழாயில் ஓடுகிற எண்ணெய் மாதிரியோ, பற்றரிக்குள் அடைத்த நீர் மாதிரியோ அதைக் கற்பனை பண்ணினால் வழி தவறிவிடும். அது ஒரு கணக்கு. கடை முதலாளி ஒருவர் காசு, சரக்கு, கடன் என்று வெவ்வேறு பக்கத்தில் எழுதி வைத்து, கடைசியில் எல்லாவற்றையும் ரூபாயாக்கிக் கூட்டுகிறாரல்லவா, அந்த மாதிரி. வேகம், உயரம், வெப்பம், ஒளி, இரசாயனப் பிணைப்பு எல்லாம் பார்வைக்கு ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை. ஆனால் ஒன்று குறைந்தால் இன்னொன்று குறித்த அளவில் கூடுகிறது. அந்த மாற்று விலையைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு 19ஆம் நூற்றாண்டுவரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்கு நமது பக்கத்து வெயிலும் ஒரு காரணமாக இருந்தது. யூலியஸ் ரொபர்ட் மேயர் என்ற ஜேர்மன் வைத்தியர் 1840இல் ஒல்லாந்தர் கப்பலொன்றில் ஜாவாவுக்கு வந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி மாலுமிகளுக்கு நாளத்திலிருந்து இரத்தம் எடுத்தபோது அது கறுத்திருக்காமல் நல்ல சிவப்பாக வந்தது. நாடியில் வெட்டிவிட்டோமோ என்று பயந்துபோனார். பிறகு யோசித்தார்: உஷ்ண நாட்டில் உடம்பைச் சூடாக வைத்திருக்கக் குறைந்த அளவு உணவை எரித்தால் போதும், அதனால் இரத்தத்தில் ஒட்சிசன் மிஞ்சுகிறது. அப்படியென்றால் தின்னும் சோறும் உடம்பின் சூடும் கை செய்யும் வேலையும் ஒரே கணக்கில் வருகின்றன. 1842இல் அதை எழுதி வெளியிட்டார். ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. பிற்காலத்தில் மனநோய் வைத்தியசாலைவரை போன மனிதர் அவர்.

மாற்று விலையைத் திருத்தமாக அளந்தவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் யூல். பியர் வடிக்கும் குடும்பத்துப் பிள்ளை. நுணுக்கமாக வெப்பநிலை அளக்கிற பழக்கம் அவருக்குக் கைவந்திருந்தது. பாரமொன்றைக் கயிற்றில் கட்டி விழவிட்டு, அந்த வீழ்ச்சியால் தண்ணீருக்குள் ஒரு துடுப்பைச் சுழற்றி, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்தார். இன்றைய அலகில் சொன்னால், ஒரு கிலோ தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4186 யூல் வேண்டும். அதே ஒரு கிலோவை 427 மீற்றர் உயரத்திலிருந்து போட்டால் கிடைக்கும் அளவு அது.

1847இல் அல்ப்ஸ் மலையில் யூலைச் சந்தித்ததாக வில்லியம் தொம்சன் எழுதி வைத்த கதை ஒன்று உண்டு. புதுமாப்பிள்ளை யூல், கையில் நீளமான வெப்பமானியோடு, நீர்வீழ்ச்சியின் மேலும் கீழும் வெப்பநிலை பார்க்கப் புறப்பட்டிருந்தாராம். கதை உண்மையோ சோடித்ததோ, கணக்கு உண்மை. நமது நாட்டின் மிக உயர்ந்த பம்பரகந்த நீர்வீழ்ச்சி 263 மீற்றர். விழுகிற சக்தி முழுதும் தண்ணீரிலேயே தங்கினால் அடிவாரத்துத் தண்ணீர் 0.6 பாகைதான் கூடச் சூடாக இருக்கும். அவ்வளவு பெரிய இரைச்சலுக்கு அவ்வளவு சின்னச் சூடு.

இந்த வித்தியாசத்தைத் தேத்தண்ணியில் வைத்துப் பார்ப்போம். ஒரு லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து கொதிக்க வைக்க 3 இலட்சம் யூல் வேண்டும். நீர்மின் நிலையத்தில் 100 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தண்ணீரால் அதைப் பெற வேண்டுமென்றால், ஒரு நட்டமும் இல்லாமலே 300 லீற்றர் விழ வேண்டும். சுழலியிலும் கம்பியிலும் கேத்தலிலும் போகிற நட்டத்தைச் சேர்த்தால் 400 லீற்றருக்கு மேல். ஒரு கேத்தல் பிளேன்டிக்கு இரண்டு பீப்பாய் தண்ணீர் மலையிலிருந்து இறங்குகிறது! அதையே நுரைச்சோலையில் நிலக்கரியால் செய்தால் 40, 50 கிராம் கரி போதும். காஸ் அடுப்பில் 13 கிராம் அளவில் வாயு. மூன்று கல் அடுப்பில் விறகென்றால் 150 கிராமுக்கும் மேல். விறகில் சக்தி குறைவென்பதல்ல காரணம். காற்றும் புகையும் அதை அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. பானைக்குள் போவது பத்தில் ஒன்று, ஒன்றரைப் பங்குதான்.

புகை என்பது சரியாக எரியாத விறகு. அதாவது வெப்பமாக மாறாமல் தப்பிப்போன இரசாயன சக்தி. என் மனைவியின் நெஞ்சுக்குள் போனது அதுதான். ஈர விறகு இன்னும் மோசம். முதலில் தன்னுடைய தண்ணியை ஆவியாக்கவே தன் சூட்டைச் செலவழிக்கும். 1980களில் நம் நாட்டில் பரவிய 'அனகி' என்ற இரட்டை வாய்க் களிமண் அடுப்பு நெருப்பைச் சுற்றி அடைத்து, மிஞ்சுகிற சூட்டை இரண்டாம் பானைக்கு அனுப்புகிறது. காஸ் வந்த பிறகு எங்கள் ஊரில் அதைத் தூக்கி எறிந்துவிட்டோம். அந்த மார்ச் மாதத்தில் நான் கடை கடையாய் அலைந்து ஒன்று வாங்கினேன். விறகு பாதிக்குக் கிட்டக் குறைந்தது, புகையும் குறைந்தது.

இங்கினியாகலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது எங்களுடைய தண்ணீர். கல்லோயாத் திட்டத்தின் சேனாநாயக்க சமுத்திரத்தின் கீழே 11 மெகாவாற்று அளவில் ஒரு மின்நிலையம் இருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் திறக்கும்போது அந்தத் தண்ணீர் சுழலியைச் சுற்றிவிட்டுத்தான் வெளியே வருகிறது. உயரத்தை மின்சாரமாகக் கொடுத்துவிட்டு, ஒரு சொட்டும் குறையாமல் அம்பாறை, சம்மாந்துறை வயல்களுக்கு வந்து சேருகிறது. அங்கே நெல், வெயிலின் ஒளியை வாங்கி மாப்பொருளாக்கி வைக்கிறது. அந்த வெயிலில் நெல் பிடித்துக்கொள்வது நூறில் ஒரு பங்கு அளவுதான். நெல்லின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. மில்காரர் அந்த உமியையே கொதிகலத்தில் எரித்து, அந்த ஆவியால் நெல்லை அவிக்கிறார். வெயில்தான் நெல்லை வளர்த்தது, வெயில்தான் அதை அவிக்கிறது. குளத்துக்குத் தண்ணீரைக் கடலிலிருந்து தூக்கி வந்ததும் அதே வெயில். கருச்சக்தி, நிலத்தடிச் சூடு, கடல் பெருக்கு என்ற சிலவற்றை விட்டால், நாம் பாவிக்கிற எல்லாமே பழைய வெயில் அல்லது புது வெயில்.

காற்றும் வெயிலின் வேலைதான். பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டிய காலத்தில் நடந்த ஆய்வில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பழைய இரும்பு உலைகள் வெளிப்பட்டன. கில் யூலெஃப் என்ற தொல்லியலாளர் அதே மாதிரி உலையைத் திரும்பக் கட்டி உருக்கிக் காட்டி, 1996இல் உலகத்துக்கு அறிவித்தார். அங்கே துருத்தி ஊத ஆளில்லை. தென்மேற்குப் பருவக்காற்று உலையின் விளிம்பைத் தாண்டிப் போகும் வேகத்தில் உள்ளே காற்று இழுபட்டு, மரக்கரி கொழுந்துவிட்டு எரிந்து, உருக்கே கிடைத்திருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல்-கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரன்தீப் உருக்கைக் குறிப்பிடுகிறார். அந்த உலைகளில் பல அவருடைய காலத்தவை. இன்று அதே இடத்தில் காற்றை விட்டுத் தண்ணீரால் மின்சாரம் எடுக்கிறோம்.

இனிப் பேத்தியின் கேள்விக்கு வருகிறேன்.

இத்தனை மாற்றத்திலும் கணக்கு ஒரு யூலும் பிசகவில்லை. பிறகு என்னதான் முடிந்துபோகிறது? முடிந்துபோவது சக்தியல்ல, சக்தியின் தரம். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பங்கு வெப்பமாகிச் சுற்றாடலில் பரவிவிடுகிறது. கேத்தலின் சூடும் கடைசியில் அறைச் சூடுதான். லைட்டின் வெளிச்சம் சுவரில் பட்டு அறைச் சூடு. மின்விசிறி சுழன்று காற்றைக் கிளப்பி, அந்தக் காற்றும் அடங்கி அறைச் சூடு. விசிறி அறையைக் குளிராக்குவதில்லை. வியர்வையை ஆவியாக்கி நம்மைத்தான் குளிராக்குகிறது. அவள் முன்னாலிருந்த குப்பி விளக்கில் எண்ணெயின் சக்தியில் நூறில் ஒரு பங்குகூட வெளிச்சமாவதில்லை. மிச்சமெல்லாம் நேரே சூடு.

நாமும் அப்படித்தான். ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி சாப்பிடும் ஆள் சராசரியாக 100 வாற்று வெப்பத்தை வெளியே விடுகிறார். ஒரு பழைய குண்டு பல்ப்பின் அளவு. அந்த வருட ரமழானில் கறண்ட் இல்லாத தராவீஹில் 400 பேர் நின்றபோது, பள்ளிக்குள் 1000 வாற்று மின் அடுப்பு நாற்பதை எரிய விட்ட மாதிரி இருந்தது கணக்கு. பின் ஸஃப்பில் நின்ற எனக்குக் கணக்குத் தேவைப்படவில்லை.

அந்தப் பரவிய சூட்டைத் திரும்பக் கூட்டி அள்ள முடியாதா? கடலை எடுத்துக்கொள்வோம். ஒரு கன மீற்றர் கடல்நீரை ஒரே ஒரு பாகை குளிராக்கி அந்த வெப்பத்தை மின்சாரமாக்க முடிந்தால், ஒரு யூனிற்றுக்கு மேல் கிடைக்கும். அதே ஒரு யூனிற்றுக்கு 100 மீற்றர் உயரத்திலிருந்து 3700 லீற்றர் தண்ணீர் விழ வேண்டும். கணக்குப் புத்தகம் தடுக்கவில்லை. சக்தி காப்பு விதிக்கு இது முழுச் சம்மதம். ஆனால் நடக்காது. தண்ணீர் சும்மா கிடந்தால் சுழலி சுற்றாது, மேலிருந்து கீழே வந்தால்தான் சுற்றும். வெப்பமும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கினால்தான் வேலை செய்யும். கடலும் காற்றும் அறையும் ஒரே சூட்டில் இருந்தால் இறக்கமில்லை. சாடி கார்னோ என்ற பிரெஞ்சு இளைஞர் 1824இல் இதைக் கண்டுகொண்டார். 540 பாகை ஆவியும் 30 பாகைக் கடலும் வைத்து இயங்கும் மின்நிலையம், எவ்வளவு கெட்டித்தனமாகக் கட்டினாலும் நூறுக்கு 63 பங்குக்கு மேல் எடுக்க முடியாது. நடைமுறையில் 40ஐத் தொடுவதே கஷ்டம். மிச்சம் கடலுக்கு. இந்தப் பரவலை அளக்கும் கணியத்துக்கு 1865இல் கிளௌசியஸ் 'என்ட்ரொப்பி' என்று பெயர் வைத்தார். அது தானாகக் குறைவதில்லை.

இப்போது அரிசி மூட்டைக்கும் விடை கிடைக்கிறது. அதில் நூறு யூனிற் இருந்தது, தரமான சக்தியும்கூட. ஆனால் அதை மின்சாரமாக மாற்றும் வழி எங்கள் வீட்டில் இல்லை. ஆக, தட்டுப்பாடு இரண்டு விதம். ஒன்று, தரமான சக்தி தீர்ந்துபோவது: எரிந்த கரி, இறங்கிய தண்ணீர். மற்றது, தரம் இருந்தும் மாற்றிக்கொள்ள வகையில்லாமல் போவது. 2022இல் நம் நாட்டுக்கு இரண்டும் ஒன்றாக வந்தன. நட்டுச்சி வெயிலில் ஒரு சதுர மீற்றர் கூரையில் ஏறத்தாழ 1000 வாற்று விழுந்துகொண்டிருந்தபோது நாம் பெற்றோல் வரிசையில் குடை பிடித்துக்கொண்டு நின்றோம். சூரியத் தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். ஆனால் இரவுக்குச் சேமிக்க வழி வேண்டும். பற்றரி அதற்கொரு வழி. பகலில் தண்ணீரை மேல் குளத்துக்கு ஏற்றி இரவில் இறக்குவது இன்னொரு வழி. நம்மிடம் மலையும் உண்டு, குளமும் உண்டு.

பல வருடத்துக்கு முன் ஒரு மாணவனின் வாப்பா, ஓர் ஆலிம், பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னைக் கேட்டார்: "ஆக்கவும் ஏலாது, அழிக்கவும் ஏலாது எண்டு படிப்பிக்கிறீங்களே சேர், ஆக்குறவன் ஒருத்தன் இல்லையா?" அன்று நான், "புத்தகத்தில அப்பிடித்தான் ஹஸ்ரத் இருக்கு" என்று மழுப்பிவிட்டேன். இன்று என்றால் வேறு மாதிரிச் சொல்வேன். அந்த வசனத்தில் எழுவாய் விடுபட்டிருக்கிறது. 'நம்மால்' என்று முன்னுக்குச் சேர்த்து வாசிக்க வேண்டும். உள்ளே ஒன்றும் வராமல் வெளியே ஒன்றும் போகாமல் மூடிய ஒரு தொகுதிக்குள் கணக்குப் பிசகியதை எந்தப் பரிசோதனையும் காணவில்லை. விதி சொல்வது அவ்வளவே. கணக்கை யார் திறந்தது என்று அது பேசுவதில்லை. அந்த ஆலிம் இப்போது மௌத்தாகிவிட்டார். இதைச் சொல்லக் கிடைக்கவில்லை.

பேத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அடுத்த கேள்வியைப் போட்டாள்.

"அப்ப இந்தச் சூடெல்லாம் கடைசில எங்க போற மூத்தாப்பா? அறைக்கயே நிண்டா நாம அவிஞ்சி போவமே?"

வானத்துக்கு, என்றேன். கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிராகப் பூமி இரவும் பகலும் அதை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. மார்கழி, தையில் முகிலில்லாத இரவில் வயல் குளிர்ந்து பனி இறங்குவது அதனால்தான். முகில் மூடினால் சூடு திரும்பி வரும், நாம் புழுங்குவோம். காற்றில் காபனீரொட்சைட்டு கூடினாலும் போக வேண்டிய சூடு தாமதிக்கும்.

அவள் எழுந்துபோய் முற்றத்தில் நின்று மேலே பார்த்தாள். ஊரே இருட்டாக இருந்ததால் வெள்ளிகள் நிறையத் தெரிந்தன. உள்ளே மனைவியின் மூச்சு சீராகக் கேட்டது. ஒரு மணி போலக் கறண்ட் வந்தது. பிரிட்ஜ் ஒரு தரம் உறுமி ஓடத் தொடங்கியது. நான் முதலில் வேன் பற்றரியைச் சார்ஜில் போட்டேன். சுபஹுக்குப் பிறகு நானாவுக்கு ஹயர் ஒன்று இருந்தது.